டென்ஷனுக்கு ஒரு தம்

போன ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால் காரைக்கால். மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல், நடுவில் புதுச்சேரி அரசாங்கம். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊரைச் சொன்னால் இரண்டு விஷயம்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று, பக்கத்தில் இருக்கிற திருநள்ளாறு சனீஸ்வரன். இன்னொன்றை நான் சொல்ல வேண்டியதில்லை. சிரிக்காதீர்கள்.

மொட்டை மாடிகளிலிருந்து மாம்பழம் வீசி முடித்து, கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, காற்று வாங்கலாமே என்று கடற்கரைப் பக்கம் நடந்தேன். அரசலாறு கடலில் சேருகிற இடம். இருட்டில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. பக்கத்தில் போனால், பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவனின் மகன். பதினெட்டு வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். புகை முதுகைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தது.

"மாமா, அப்பாகிட்ட சொல்லிடாதீங்க மாமா..."

"சொல்லலை. ஏன்டா இது?"

"டென்ஷன் மாமா."

அவ்வளவுதான் சொன்னான். நானும் வழக்கமான பிரசங்கத்துக்குத் தொண்டையைச் செருமினேன். நுரையீரல், புற்றுநோய், அம்மா அப்பா கஷ்டப்பட்டுச் சம்பாதித்த காசு என்று எல்லாம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அந்த ஒற்றை வார்த்தை உறுத்தியது. டென்ஷன். இதே வார்த்தையைத்தான் இருபத்தைந்து வருடம் முன்னால், பி.காம். இரண்டாம் வருடத்தில், காலேஜ் எதிரே இருந்த பெட்டிக்கடையில் என் நண்பர்களும் சொன்னார்கள். கடை ஓரம் தொங்கும் கயிற்றின் நுனியில் கங்கு கனன்றுகொண்டிருக்கும். அதில் பற்றவைத்துவிட்டு, "அரியர்ஸ் டென்ஷன்டா" என்பார்கள். எனக்கும் ஒரு இழுப்பு கிடைத்தது. இருமலில் கண்ணீர் வந்துவிட்டது. "பழகிடும்" என்றார்கள்.

யோசித்துப் பாருங்கள். எந்த வாத்தியாரும் இதைச் சொல்லித் தரவில்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனாலும் மனசு சரியில்லை என்றால் சிகரெட் பிடிக்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பையன்களுக்குத் தெரிந்திருக்கிறது. எப்படி? யார் சொல்லிக் கொடுத்தது?

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். கொஞ்சம் என்றால் நானூற்று அறுபது வருடத்துக்கும் மேலே.

*

1560-ம் வருடம். போர்ச்சுக்கல் தலைநகர் லிஸ்பனில் பிரெஞ்சு தூதராக இருந்தவர் பெயர் ழான் நிக்கோ. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கிய ஒரு புது இலையை, ஆகா அபூர்வ மூலிகை என்று பாரிஸ் அரண்மனைக்கு அனுப்பிவைத்தார். ராஜமாதா கேத்தரீன் தெ மெடிசிக்குத் தலைவலிக்கு மருந்தாகப் போன சரக்கு அது என்று சொல்வார்கள். மூக்குப்பொடியாக உறிஞ்ச வேண்டும். அரண்மனையில் உறிஞ்சினால் அப்புறம் ஊரே உறிஞ்சாதா? உறிஞ்சியது. நிக்கோவின் பெயரைத்தான் பிற்பாடு அந்த இலையில் இருக்கும் சத்துக்கு வைத்தார்கள். நிகோடின்!

ஒன்றைக் கவனியுங்கள். புகையிலை பிரெஞ்சு அரண்மனைக்குள் நுழைந்ததே மண்டைக் குடைச்சலுக்கு மருந்து என்ற பெயரில்தான். அந்த லேபிள் இன்றுவரை கிழியவில்லை.

மருந்து சீக்கிரமே வியாபாரமாகிவிட்டது. 1674-ல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் அரசாங்கம், புகையிலை விற்பது இனிமேல் எங்கள் தனியுரிமை என்று அறிவித்தது. அந்த உரிமையைக் குத்தகைக்கு விட்டுக் காசு பார்த்தார்கள். கை மாறிக் கை மாறி, 1720-களில் அது போய்ச் சேர்ந்த இடம் பிரெஞ்சு இந்தியக் கம்பெனி. ஆமாம், பாண்டிச்சேரியை ஆண்ட அதே கம்பெனிதான்! கம்பெனி அதை 1730-ல் உள்குத்தகைக்கு விட்டது. வருடத்துக்கு 75 லட்சம் லிவ்ரு, பிறகு 80 லட்சம். லிவ்ரு என்பது அந்தக் காலத்து பிரெஞ்சு நாணயம். இந்தியாவுக்குப் போகிற கப்பல் மூழ்கினாலும் சரி, மிளகு விலை சரிந்தாலும் சரி, இந்த வருமானம் மட்டும் டாண் என்று வந்துவிடும். நிலையான வருமானம் உள்ள கம்பெனி எவ்வளவு தைரியமாக விஸ்தரிப்பில் இறங்கும் என்பது பி.காம். படித்தவனுக்குத் தெரியாதா?

இறங்கியது. 1739 பிப்ரவரியில் அந்தக் கம்பெனி தஞ்சாவூர் ராஜ்ஜியத்திடமிருந்து ஓர் ஊரை விலை பேசி வாங்கியது. தஞ்சை மன்னர் சாகுஜி முதலில் சரி என்றார், அப்புறம் பின்வாங்கினார். ஆற்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிப் நடுவில் புகுந்து ஊரைப் பிடித்துக் கொடுத்தார். அது தனிக் கதை. ஊர் எது என்கிறீர்களா?

காரைக்கால்தான்.

எங்கள் ஊரை வாங்கிய காசில் எந்த நாணயம் புகையிலை நாணயம் என்று பிரித்துக் காட்ட முடியாது. எல்லாம் ஒரே கல்லாப்பெட்டி. ஆனால் அந்தக் கல்லாவின் நம்பிக்கையான வரவு, பிரான்சில் யாரோ ஒருவன் மூக்கில் ஏற்றிய பொடியிலிருந்து வந்தது. சுங்கம், வரி, குத்தகை என்று அரசாங்கங்கள் இந்த இலையோடு செய்துகொண்ட கல்யாணம் அப்படிப்பட்டது. விவாகரத்து அவ்வளவு சுலபமா என்ன?

*

நம் ஊரில் மட்டும் புகையிலை இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அக்பர், ஜஹாங்கீர் தர்பார்வரை போய்விட்டது. தெற்கே யாழ்ப்பாணத்திலும், எங்கள் ஊருக்குக் கொஞ்சம் தெற்கே வேதாரண்யத்து மணலிலும் இலை விளைந்தது. ஆங்கிலத்தில் சுருட்டுக்கு 'செரூட்' என்று பெயர். அது நம்முடைய 'சுருட்டு'தான். உலகத்துக்கு நாம் கொடுத்த வார்த்தைகளில் கட்டுமரமும் சுருட்டும் உண்டு. பெருமைப்படுவதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம்.

ஆனால் சுருட்டு, வெற்றிலையோடு போடும் புகையிலை எல்லாம் பெரும்பாலும் பெரியவர்கள் சமாச்சாரம். சுருட்டுப் புகை காரமானது. உள்ளே இழுத்தால் தொண்டை தாங்காது. வாயோடு வைத்து ஊதிவிடுவார்கள். பதினைந்து வயதுப் பையனுக்கு அது லேசில் ஒத்துவராது.

பையன்களுக்கு ஒத்துவருகிற மாதிரி ஒன்றைச் செய்தது ஒரு மெஷின். 1881-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பான்சாக் என்ற இளைஞன் அதற்கு பேட்டன்ட் வாங்கினான். கையால் சுற்றினால் நிமிஷத்துக்கு நாலைந்து சிகரெட். பான்சாக் மெஷின் 200 சுற்றியது. ஜேம்ஸ் டியூக் என்ற வியாபாரி 1884-ல் அதை ஓட்டத் தொடங்கினார். சிகரெட் விலை சரிந்தது. உற்பத்தி மலைபோல் குவிந்தது. குவிந்த சரக்கை யார் தலையில் கட்டுவது? அங்கேதான் விளம்பரம் என்கிற சாஸ்திரமே பெரிசாக வளர்ந்தது.

இன்னொரு சங்கதியும் உண்டு. சிகரெட்டுக்கான இலையைச் சூடான காற்றில் பதப்படுத்துகிறார்கள். அந்தப் புகை சாது. தொண்டையைக் கிழிக்காமல் நேரே நுரையீரலுக்குள் இறங்கும். அங்கிருந்து ரத்தத்தில் கலந்து பத்து இருபது விநாடிக்குள் நிகோடின் மூளையில் இருக்கும். நரம்பில் போடுகிற ஊசியைவிடச் சளைத்ததில்லை. இவ்வளவு வேகமான ஒரு சரக்கு, இவ்வளவு மலிவாக, அரைக்கால் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்கிற அளவில் அதற்கு முன்னால் மனிதன் கையில் கிடைத்ததே இல்லை.

*

அப்புறம் வந்தது யுத்தம்.

1914 கிறிஸ்துமஸுக்கு, போர்முனையில் இருக்கும் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு இளவரசி மேரி பெயரில் ஒரு பித்தளை டப்பா பரிசாகப் போனது. உள்ளே சிகரெட், பைப்புக்கான புகையிலை. சீக்கியர்களுக்கு மட்டும் அதற்குப் பதில் கற்கண்டும் மசாலாவும். மற்ற இந்தியச் சிப்பாய்கள் பலருக்கும் கற்கண்டோடு சிகரெட்டும் உண்டு. புகைக்காதவர்களுக்குப் புளிப்பு மிட்டாயும் பென்சிலும். அதாவது, சிப்பாய் என்றால் புகைப்பான் என்பதுதான் பொது விதி. புகைக்காதவன் விதிவிலக்கு.

பிரெஞ்சுக்காரர்களும் பதுங்குகுழிச் சிப்பாய்களுக்குப் புகையிலையை ரேஷனாகவே கொடுத்தார்கள். அவர்கள் ஊரில் சிகரெட் செய்வதே அரசாங்கம்தான். பத்தொன்பது வயதுப் பையன், நாளைக்கு உயிரோடு இருப்போமா என்று தெரியாமல் நடுங்குகிறான். அவனுக்கு ராஜாங்கம் கொடுத்த மனநல சிகிச்சை அது. சிகரெட் பிடித்துக்கொள்!

இது எங்கோ ஐரோப்பாவில் நடந்த கதை என்று நினைக்காதீர்கள். பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கத்துத் தமிழர்கள் பலர் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து சைகோன்வரை போனவர்கள். எங்கள் ஊரில் அவர்களுக்கு 'சொல்தா' என்று பெயர். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போன பிறகும், 1962-ல் சட்டப்படி எல்லாம் கைமாறிய பிறகும், இவர்களுக்கு பிரான்சிலிருந்து பென்ஷன் வந்துகொண்டிருந்தது.

என் சின்ன வயதில் எங்கள் தெருவிலும் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். திண்ணையில் உட்கார்ந்து ஓயாமல் ஊதுவார். விரல் இரண்டும் மஞ்சள் பூத்திருக்கும். "எங்க தாத்தா பழகுனீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "சைகோன்ல. ராத்திரி பாரா நிக்கணும். பயமா இருக்கும். கையில ஒண்ணு குடுப்பாங்க" என்றார். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். "பயம் அங்கயே நின்னு போச்சு. இது மட்டும் கூடவே வந்துடுச்சு."

அந்த வயதில் அது எனக்குப் புரியவில்லை.

*

யுத்தமெல்லாம் முடிந்தது. 1950-ல் லண்டனில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் நேரடி சம்பந்தம் இருக்கிறது! கம்பெனிகள் வயிற்றில் புளி கரைத்தது. 1953 டிசம்பரில் நியூயார்க் பிளாசா ஹோட்டலில் அமெரிக்க சிகரெட் முதலாளிகள் கூடினார்கள். ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்த போட்டியாளர்கள் ஒரே மேஜையில்! முடிவு என்ன? சந்தேகத்தைக் கிளப்புவோம். 'இன்னும் நிரூபணமாகவில்லை, ஆராய்ச்சி தேவை' என்று சொல்லிக்கொண்டே இருப்போம்.

வெளியே இப்படி. உள்ளே எப்படி? கோர்ட்டு வழக்குகளால் பின்னாளில் அவர்களது கோப்புகள் லட்சக்கணக்கான பக்கங்களாக வெளியே வந்தன. அவற்றில் ஒரு காகிதம், 1963 ஜூலையில் பிரவுன் அண்ட் வில்லியம்சன் கம்பெனியின் வக்கீல் அடிசன் யேமன் எழுதியது. நாம் விற்பது நிகோடின், அது அடிமைப்படுத்துகிற சரக்கு, மன அழுத்தத்தைத் தணிப்பது அதன் உபயோகம் என்று அதில் எழுதியிருக்கிறார். ஊரறியச் சொன்னார்களா? 1994-ல்கூட ஏழு கம்பெனித் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் கையைத் தூக்கி சத்தியம் செய்துவிட்டு, நிகோடின் அடிமைப்படுத்தாது என்றுதான் நம்புகிறோம் என்றார்கள்.

இன்னொரு காகிதம் 1973 பிப்ரவரியில் எழுதப்பட்டது. ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் கம்பெனியின் கிளாட் டீக் என்ற ஆராய்ச்சி அதிகாரி, இளவட்டங்களுக்கு என்ன மாதிரி சிகரெட் செய்யலாம் என்று யோசிக்கிறார். இதைப் படிக்கும்போது எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. அவர் சொல்வதன் சாரம் இது. புதிதாகப் பழகுகிறவனுக்கு சிகரெட்டின் உடல் அனுபவம் பெரும்பாலும் பிடிக்காது. தேவையும் இல்லை. அவனை இழுப்பது மனசு சம்பந்தப்பட்ட ஆசைகள்தான். கூட்டத்தில் ஒருவனாக இருக்க வேண்டும், பெரியவன் மாதிரி தெரிய வேண்டும், சங்கோஜம், சலிப்பு, பதற்றம். பழகி முடிகிறவரை இதுதான் அவனைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஆகவே அதை வைத்து சரக்கைச் செய்யலாம்.

பதினாறு வயதில் உங்களுக்குள் என்னவெல்லாம் குமைந்தது என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் அம்மாவுக்குத் தெரியாது. அப்பா கேட்டிருக்க மாட்டார். ஆனால் எங்கோ கடலுக்கு அப்பால் ஒரு கம்பெனி அதைப் பட்டியல் போட்டு ஃபைலில் வைத்திருந்தது.

*

சரி, 'டென்ஷன்' விஷயத்துக்கு வருவோம்.

'ஸ்ட்ரெஸ்' என்று இன்று எல்லோரும் சொல்கிறோமே, மன அழுத்தம், அந்தக் கருத்தை உலகம் முழுக்கப் பரப்பிய விஞ்ஞானி ஹான்ஸ் செல்யே. வியன்னாவில் பிறந்து கனடாவின் மான்ட்ரீலில் வாழ்ந்தவர். 1936-ல் அவர் 'நேச்சர்' பத்திரிகைக்கு எழுதிய சின்னக் கடிதத்தில் தொடங்கியது அந்தத் துறை. பெரிய மனிதர். ஆனால் ஆராய்ச்சிக்குக் காசு வேண்டுமே? 1958-ல் ஒரு சிகரெட் கம்பெனிக்கு எழுதிக் கேட்டார். கிடைக்கவில்லை. பிற்பாடு, கம்பெனிகளே அவரைத் தேடி வந்தன.

ஏன் வந்தன? மாரடைப்புக்கும் மற்றதற்கும் காரணம் சிகரெட் இல்லை, மன அழுத்தம்தான் என்று ஒரு பெரிய மனிதர் சொன்னால் எவ்வளவு சௌகரியம்! கூடவே, அந்த அழுத்தத்தைச் சமாளிக்க சிகரெட் உதவுகிறது என்றும் சொல்லிவிட்டால்? கரும்பு தின்னக் கூலி! 1969-ல் கனடா நாடாளுமன்றக் குழு முன் செல்யே சாட்சி சொன்னார், சிகரெட் விளம்பரக் கட்டுப்பாடுகளுக்கு எதிராக. அந்தச் சமயத்தில்தான் அமெரிக்க சிகரெட் கம்பெனிகளின் ஆராய்ச்சிக் கவுன்சில் அவருக்கு வருடத்துக்கு 50,000 டாலர் வீதம் மூன்று வருடம் கொடுக்க ஒப்புக்கொண்டது. 2011-ல் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் இருவர் பழைய ஃபைல்களைத் தோண்டி இதையெல்லாம் வெளியிட்டார்கள்.

செல்யேவின் ஆராய்ச்சியே பொய் என்று நான் சொல்லவில்லை. அழுத்தம் நிஜம். அது உடம்பைக் கெடுப்பதும் நிஜம். ஆனால் 'டென்ஷனுக்கு ஒரு தம்' என்கிற வாக்கியம் தானாக முளைத்த பழமொழி இல்லை. அதற்கு உரம் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். ரசீது இருக்கிறது.

நம் ஊருக்கும் அந்தத் தண்ணீர் பாய்ந்தது. 1976-ல் 'மூன்று முடிச்சு' வந்த காலம் தொட்டு, ரஜினி சிகரெட்டைத் தூக்கிப்போட்டு வாயால் பிடித்ததை எத்தனை பையன்கள் சாக்பீஸை வைத்துப் பயிற்சி செய்திருப்பார்கள்! 1996 உலகக் கோப்பை கிரிக்கெட்டின் பெயரே 'வில்ஸ் உலகக் கோப்பை'. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. கொல்கத்தா அரையிறுதியில் காம்ப்ளி அழுதுகொண்டு வந்தபோது நாங்களும் அழுதோம். அவர் அணிந்திருந்த உடுப்பு ஒரு சிகரெட்டை ஞாபகப்படுத்துகிறது என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. தோன்றக் கூடாது என்பதுதானே விஷயம்? கோவாவில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று அதே வருடம் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. சிகரெட் கம்பெனி நடத்திய கிரிக்கெட் தொடரைப் பார்த்ததே, பிள்ளைகள் மனதில் புகைக்கும் ஆட்டத்துக்கும் முடிச்சுப் போட்டிருந்தது. அதன் கெடுதல் தெரிந்த பிள்ளைகளையும் அது விடவில்லை.

2003-ல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. விளம்பரம் கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழே விற்கக் கூடாது. பள்ளி, கல்லூரியிலிருந்து நூறு கஜத்துக்குள் கடை கூடாது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைக்கத் தடை. நல்லது. பலனும் இருக்கிறது. ஆனாலும் 2019-ல் நாடு முழுக்க எடுத்த கணக்கில், 13 முதல் 15 வயதுப் பள்ளிப் பிள்ளைகளில் 8.5 சதவிகிதம் பேர் ஏதாவது ஒரு விதத்தில் புகையிலையைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வயதில் சிகரெட் பிடித்தவர்களில் 38 சதவிகிதம் பேர் பத்தாவது பிறந்த நாளுக்கு முன்பே முதல் இழுப்பை இழுத்தவர்கள். பத்தாவது வகுப்பு இல்லை சார், பத்து வயது!

*

இப்போது முக்கியமான கேள்வி. சிகரெட் பிடித்தால் டென்ஷன் குறைகிறதா, இல்லையா? பிடிப்பவர்கள் சத்தியம் செய்கிறார்கள். அவர்கள் பொய்யா சொல்கிறார்கள்?

பொய் இல்லை. கணக்கில் தப்பு.

என் பாஷையில் சொல்கிறேன். நிகோடின் ஒரு கந்துவட்டிக்காரன். முதல் தடவை இனாமாக ஒரு சந்தோஷத்தைக் கையில் வைக்கிறான். மூளை அந்த வரவுக்குப் பழகி, அதற்கென்று கூடுதல் இருக்கைகள் போட்டுக் காத்திருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் நிகோடின் பாதியாகிவிடும். இருக்கைகள் காலி. அப்போது என்ன ஆகும்? சிடுசிடுப்பு, படபடப்பு, படிப்பில் கவனம் நிற்காது. இது பரீட்சை டென்ஷன் இல்லை. வட்டி கேட்டு வந்த ஆள். ஒரு சிகரெட் பற்றவைத்தால் ஆள் போய்விடுவான். 'அப்பாடா' என்றிருக்கும். பையன் என்ன செய்கிறான்? அந்த 'அப்பாடா'வை பரீட்சை டென்ஷன் கணக்கில் வரவு வைக்கிறான். தப்பான லெட்ஜரில் என்ட்ரி! அசல் டென்ஷன் அப்படியே கிடக்கிறது. கூடவே ஒரு புது டென்ஷனும் இரண்டு மணிக்கொரு தரம் கதவைத் தட்டுகிறது.

இதை 1999-ல் ஆண்டி பேரட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் விரிவாக எழுதினார். பழக்கம் ஏற ஏற வளரிளம் பிள்ளைகளின் மன அழுத்தமும் ஏறுகிறது. விட்டவர்களுக்கு இறங்குகிறது. 2014-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். புகையை விட்டவர்களுக்கு, விடாதவர்களைவிடப் பதற்றம், மனச்சோர்வு, அழுத்தம் எல்லாமே குறைந்திருந்தன. மனநோய் உள்ளவர்களிடமும் அப்படித்தான். முதல் சில வாரம் பாடாய்ப் படுத்தும். அது வட்டிக்காரனின் கடைசி மிரட்டல். அதைத் தாண்டினால் பழைய மனசு திரும்பி வருகிறது. (ஒரு விஷயம். ஏற்கனவே மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு விட வேண்டும். புகையை நிறுத்தினால் சில மாத்திரைகளின் அளவை மாற்ற வேண்டியிருக்கும்.)

பதின்வயதில் கடன் வாங்கினால் வட்டி இன்னும் அதிகம். மனித மூளை முழுசாகக் கட்டி முடிய கிட்டத்தட்ட இருபத்தைந்து வயது ஆகிறது. கட்டடம் எழும்பும்போதே நிகோடின் உள்ளே குடியேறினால் வாடகைக்கு வந்தவன் பட்டா கேட்பான். எப்போதாவது பிடிக்கிற பிள்ளைகளிடமே சில வாரத்தில் அடிமைத்தனத்தின் அறிகுறிகள் தெரிவதாக ஆய்வுகள் சொல்கின்றன.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஏற்கனவே மனசு நொந்த பிள்ளைதான் சுலபமாக மாட்டுகிறது. மனச்சோர்வு சிகரெட்டுக்குத் தள்ளுகிறது, சிகரெட் மனச்சோர்வை வளர்க்கிறது. இரண்டு பக்கமும் வழி. 2000-ம் ஆண்டு அமெரிக்காவில் வந்த ஒரு கணக்கைப் பாருங்கள். அந்நாட்டில் விற்ற சிகரெட்டுகளில் சுமார் 44 சதவிகிதத்தைப் பிடித்தவர்கள், ஏதோ ஒரு மனநலப் பிரச்னையில் இருந்தவர்கள். எந்த வியாபாரத்திலும் நல்ல கஸ்டமர் யார்? வேறு போக்கிடம் இல்லாதவன்.

*

கடற்கரைக்குத் திரும்புவோம். பையன் இன்னும் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால்தான் வைத்திருந்தான். விரலைச் சுடுகிற நேரம் வந்ததும் மணலில் போட்டு மிதித்தான்.

பிரசங்கத்தை விழுங்கிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னடா டென்ஷன்?"

திரும்பிப் பார்த்தான். அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை போல. கொஞ்ச நேரம் கடலையே பார்த்தான். அப்புறம் சொன்னான். நீட்டில் மார்க் பத்தவில்லை. இன்னொரு வருஷம் கோச்சிங் போகச் சொல்கிறார் அப்பா. பணத்துக்கு அம்மாவின் வளையலை அடகு வைத்திருக்கிறார்கள். அவனுக்கு டாக்டராகவே இஷ்டமில்லை. கோச்சிங் ஹாஸ்டலில் ரூம் பையன் ஒருவன்தான், ராத்திரி தூக்கம் வராமல் மொட்டை மாடியில் நின்றபோது, முதல் சிகரெட்டை நீட்டினானாம். "பழகிடும்" என்றானாம்.

"இதை அப்பாகிட்ட சொன்னியா?"

"அவருக்கே ஏகப்பட்ட டென்ஷன் மாமா."

என் நண்பன் ஒரு நாளைக்கு எத்தனை பிடிப்பான் என்பது எனக்குத் தெரியும். அதை நான் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை.

நடந்து வரும்போது சொல்தா தாத்தாவின் ஞாபகம் வந்தது. பாரா நின்ற பையனிடம் 'என்னடா பயம்?' என்று யாரும் கேட்கவில்லை. கையில் ஒன்றைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். ராஜமாதாவின் தலைவலியிலிருந்து காரைக்கால் கடற்கரைவரை இந்தச் சரக்கு இவ்வளவு தூரம் வந்ததற்குக் காரணம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்க வேண்டிய கேள்வியை நாம் கேட்பதில்லை. கேட்காத இடத்தில் யாரோ கடை போட்டுவிடுகிறார்கள்.

உங்கள் வீட்டுப் பையன் சட்டையில் வாடை வந்தால் கோபம் வரும். வரட்டும். முதல் வாக்கியமாக அது வர வேண்டாம், அவ்வளவுதான். மனசு விட்டுப் பேச அரசாங்கமே 2022 முதல் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவை நடத்துகிறது. தமிழிலும் பேசலாம். புகையிலையை விட 1800-11-2356. இரண்டுக்கும் காசு கிடையாது. பெட்டிக்கடைக் கயிற்றில் பற்றவைக்கிற நேரம்தான் ஆகும்.

அன்று ராத்திரி நண்பன் வீட்டில்தான் சாப்பாடு. கை கழுவிவிட்டு வாசலுக்கு வந்தோம். அவன் வழக்கம்போல சட்டைப்பையில் கையை விட்டான்.

"என்னடா டென்ஷன்?" என்றேன்.

பாக்கெட்டோடு கை அப்படியே நின்றது. உள்ளே பையன் தட்டைக் கழுவிக்கொண்டிருந்த சத்தமும் நின்றது.

"உக்காரு, சொல்றேன்" என்றான் நண்பன்.